காய்ச்சல் வந்தால் ஊசி 'பிடித்துவிட்டது' என்று அர்த்தமா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இடுப்பு வலிக்கு முதுகில் போடும் ஸ்டெராய்ட் ஊசி கிருமியையும் கொன்றுவிடுமாம். பிறகு காய்ச்சல் வந்தால் மருந்து பிடிக்கிறதாம்.

தப்பு. ஸ்டெராய்ட் வீக்கத்தைத்தான் தணிக்கும். கிருமியைக் கொல்லாது, உடம்பின் எதிர்ப்பையும் குறைப்பதால், உள்ளே போன கிருமிக்கு அது வசதி. 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டெராய்ட் மருந்தை முதுகிலும் மூட்டிலும் ஏற்றியதில் 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருக்கு அறிகுறி தெரியவே வாரக்கணக்கானது.

சுத்தமாகப் போட்டால் தொற்று அபூர்வம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு போன அக்கா, ஊசிக்குப் பிறகு காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், கழுத்தை மடக்க முடியாவிட்டால், கால் மரத்தால், லயத்தில் பெனடோல் போட்டுப் படுத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ். சீனி வருத்தக்காரருக்கு ஆபத்து கூடுதல். ஊசி போட்ட திகதியையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.