உப்புத் தண்ணிக் குழாயும் ஒரு கடற்கரை ஓட்டலும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இங்கிலாந்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்று மறுபடியும் விளக்கப் போவதில்லை. வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். "கடலே இல்லாத ஊர்ல கடற்கரை ஓட்டல் எதுக்குங்க தம்பி, நம்மூர்க் கதை ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் பெரியவர். மண்டபமே சிரித்தது. நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்ததே நம்மூர்க் கதைதானுங்க.

இங்கிலாந்தில் ஸ்கார்பரோ என்ற ஊரில் 1867-ல் திறந்த கிராண்ட் ஓட்டல். பருவத்துக்கு ஒன்றாக 4 கோபுரம், மாதத்துக்கு ஒன்றாக 12 தளம், வாரத்துக்கு ஒன்றாக 52 புகைபோக்கி, நாளுக்கு ஒன்றாக 365 படுக்கையறை. இதுவரைக்கும் எல்லாரும் நன்றாகத்தான் தலையாட்டினீர்கள். அப்புறம், இதை வடிவமைத்த கத்பர்ட் பிராட்ரிக்தான் லீட்ஸ் டவுன் ஹாலையும் வடிவமைத்தவர் என்றேன். லீட்ஸ் என்றால் கம்பளி மில் ஊர். 1845-ல் ஸ்கார்பரோவுக்கு ரயில் வந்தது. மில்காரக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின. தங்கள் ஊரில் மில் புகையைக் கக்கவிட்டு, நல்ல காற்றுக்குக் கடலோரம் போனார்கள். நாம் நொய்யலில் சாயத்தை விட்டுவிட்டு ஊட்டிக்குப் போவதைப் போல என்றேன்.

சரியாக அந்த இடத்தில்தான் பெரியவருக்கு நம்மூரில் கடல் இல்லாதது நினைவுக்கு வந்தது. தற்செயல்தான். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லையா? 1862-லேயே சென்னையிலிருந்து நம்ம போத்தனூர் வழியாகக் கோழிக்கோட்டுப் பக்கம் இருக்கிற பேப்பூர்க் கடற்கரை வரைக்கும் ரயில் ஓடியது. கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ரயில் போனதே 1873-ல்தான். மலையைத் தொடுவதற்கு முன்னாலேயே கடலைத் தொட்ட ரயில் நம்முடையது. நம்மூர்க் கதை வேண்டுமென்றால் இதைவிட என்ன நம்மூர்க் கதை?

இன்னொன்றும் வைத்திருந்தேன். சொல்லவிடவில்லை. அந்த ஓட்டல் குளியல் தொட்டிகளில் சாதாரணத் தண்ணீருக்குக் குழாய், கடல் தண்ணீருக்குத் தனிக் குழாய். நம் வீடுகளில் ஆத்துத் தண்ணிக்கு ஒரு குழாய், போர் போட்ட உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய். நாம் சோப்பு நுரைக்கவில்லை என்று தினமும் திட்டுகிற உப்புத் தண்ணீருக்கு அந்த ஓட்டலில் தங்கியவன் காசு கொடுத்தான். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பீர்கள் என்று வீட்டில் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டு வந்தேன். சிரித்தீர்கள், வேறு இடத்தில்.

"வெள்ளைக்காரன் ஓட்டலுக்கு நீ ஏன் கொடி பிடிக்கிறாய்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில். நான் எங்கே கொடி பிடித்தேன்? அவர் வீடியோ முழுவதும் பார்க்கவில்லை. விடுங்கள்.

"ஓட்டலில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே" என்று கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. எனக்கு ஓட்டல் தெரிந்ததே பின்வாசல் வழியாகத்தான். அப்பா கரூரில் தறி ஓட்டியவர். நான் துண்டு, பெட்ஷீட் சப்ளை செய்கிறேன். ஒரு வருடம் சரக்கு குறைகிறது என்று ஒரு கடற்கரை ரிசார்ட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அப்போது அறுபத்திரண்டு. கடலைப் பார்த்ததே இல்லை என்பதால் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் "சப்ளையர் எல்லாம் பின்னாடி" என்றார்கள். சலவை அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். அங்கே கொடியில் காய்ந்த துண்டு ஒன்றின் ஓரத்தை அப்பா கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். புரட்டினார். "ஊடை தளர்ச்சியா விட்டிருக்கானுங்க, அதான் பிரியுது" என்றார். ஊடை என்றால் குறுக்கே ஓடும் நூல். கொடிக்கு அந்தப் பக்கம் கடல். அதை அவர் அப்புறம்தான் பார்த்தார், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

கடற்கரை ஓட்டலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டீர்கள் அல்லவா, இதுதான். வேண்டாமா? சரி.

பெரியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வயதானவர், மண்டபத்துக்கு வாடகை கொடுப்பவரும் அவர்தான். வருத்தமெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் மேல். அதில் இரண்டு பேர் இந்தத் தலைப்பையே எனக்குச் சொன்னவர்கள். "அண்ணா, புதுசா இருக்கும், கண்டிப்பாப் பேசுங்க" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னீர்களே, அது எந்தக் கடையோ, எந்தக் கிழமையோ.

அடுத்த மாதம் நான் வரமாட்டேன். யாரும் போன் செய்ய வேண்டாம். என் பென் டிரைவ் மட்டும் மண்டபத்து லேப்டாப்பிலேயே சொருகி இருக்கிறது. அதில் இன்னும் காட்டாத முப்பத்தொரு படம் இருக்கிறது. யாராவது எடுத்து வையுங்கள்.