காவிக்குப் பதில் தக்காளிச் சிவப்பா?

இந்திய விமானப்படையின் வட்டக்குறியில் வெளிவட்டம் காவி, அடுத்தது வெள்ளை, மையம் பச்சை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, ஒட்டி, நிறம் பூசிச் செய்யும் மாதிரி விமானப் பெட்டிகளில், அந்தக் காவி தக்காளிச் சிவப்பாக அச்சாகி வருவதை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? ஜெர்மானிய விமானம் என்றால் பக்கம் பக்கமாக நிறக் குறிப்பு எழுதுகிறவர்கள், நம் விமானம் என்றதும் 'பச்சை, பழுப்பு, சாம்பல்' என்று மூன்று சொல்லில் கைகழுவிவிடுகிறார்கள்.

நாட் என்ற சிறிய போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965 போரில் அது பெரும்பாலும் வெள்ளி மேனியோடுதான் பறந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பு அதன் பிறகே பரவலானது. என்னிடமுள்ள குறிப்புத்தாளோ, '1965' என்று தலைப்பிட்டுவிட்டு உடம்பு முழுக்கப் பச்சை பூசச் சொல்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் ஓட்டிப் போரிட்டு உயிர்நீத்த, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோனின் விமானத்தைச் செய்ய விரும்புகிறவர் இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதே நாளில் டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21 விமானங்களின் கதை இன்னும் மோசம். அந்தக் காலத்து மிக்-21களில் பலவற்றுக்கு உருமறைப்பு நிறம் தளத்திலேயே அவசரமாகப் பூசப்பட்டதால், ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கவில்லை. அவற்றுக்குப் போய் அமெரிக்க அரசின் ஐந்து இலக்க நிற எண்ணைத் துல்லியம்போலக் கொடுப்பது சுத்தமான ஏமாற்று வேலை.

"விமானப்படைத் தளம் உள்ள சூலூரில்தானே இருக்கிறீர்கள், நேரில் பார்த்துப் பூசலாமே" என்கிறார்கள். செகோனின் படைப்பிரிவான 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் செயல்பாட்டுக்கு வந்தது உண்மைதான். ஆனால் காலை வெயிலில் நீலம் தட்டி, உச்சி வெயிலில் வெளிறி, நொடியில் மறைந்துவிடும் சாம்பல் நிறத்தை மொட்டை மாடியிலிருந்து எப்படிப் பிடிப்பது? தளத்துக்குள் நிறப் பட்டியலோடு நுழையத்தான் விடுவார்களா? கோவையில் பெயின்ட் கடைக்காரரிடம் கேட்டால், சுவருக்கான நிற அட்டையை நீட்டி, "சாம்பல்னா சாம்பல்தானுங்களே, இதுல என்னங்ணா இத்தன வகை?" என்கிறார். வெளியூரிலிருந்து மாதிரிகளுக்கான எனாமல் பெயின்ட் வரவழைக்கலாம் என்றால், தீப்பற்றும் பொருள் என்று கூரியர்காரர்கள் விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள். விமானத்துக்கான பெயின்ட்டுக்கு விமானத்தில் இடமில்லை!

"அலமாரியில வெக்கிற பொம்மைக்கு யாருங்க நிறம் பார்க்கப்போறாங்க?" என்பவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களை அறியாதவர்கள். சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனையே இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால், காப்பியைக் கையில் வாங்குமுன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "ஏனுங் தம்பி, இந்தப் பச்சைய எங்கீங்க புடிச்சீங்க?" என்றுதான் தொடங்குவார்.