நான்கு பேர், பன்னிரண்டு ஓட்டு

நம் மைன்கிராஃப்ட் சர்வரில் சனிக்கிழமை இரவு நடந்த ஓட்டுக் கூத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எல்லோரிடமும் இருக்கிறது. அடுத்த ஆட்டம் எந்த மேப்பில், அதாவது எந்தக் களத்தில், என்ற ஓட்டில் ஒன்பது பேர் கோயில்தீவு மேப்பைக் கேட்டார்கள். நான்கு பேர் பனிக்கோட்டையைக் கேட்டார்கள். வந்தது பனிக்கோட்டை. 12-க்கு 9 என்று பலகையில் கூச்சமே இல்லாமல் எழுதியும் காட்டியது. கூச்சல் கிளம்பியவுடன் நிர்வாகக் குழுவில் ஒருவர், "ஓட்டுப் பிளகின் எழுதியவரைக் கேளுங்கள்" என்று என் பெயரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பிளகின் என்றால் சர்வரோடு சேர்க்கும் துணை நிரல். விடிய விடியக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் எழுதிய நிரலில் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. சர்வரில் காசு கொடுத்து ரேங்க் என்ற தகுதியை வாங்கியவருக்கு மூன்று என்ற வரி என்னுடையது அன்று. எழுதியவர் யார் என்று எனக்கும் தெரியும், உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். என்னிடம் கேட்கவில்லை என்பது கிடக்கட்டும். ஓட்டுப் போட்ட ஒன்பது பேரிடமாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், "உங்கள் கை ஒரு கை, அவர் கை மூன்று கை" என்று. அதையும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் காத்திருக்கும் லாபியில் மொத்தம் 13 பேர் இருக்க, 21 ஓட்டு விழுந்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால் நான் குழப்பம் செய்கிறேனாம்.

"இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு பட்டியல், ஒரு எண்ணிக்கை, அதிகம் வாங்கியது ஜெயிக்கும், இதைப் பள்ளிப் பிள்ளைகூட எழுதிவிடுவான்" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். அதற்கு 40 விருப்பக்குறி. எழுதட்டும். எழுதிக்கொண்டு வரட்டும், நானே போட்டுத் தருகிறேன். அதற்கு முன் சில விஷயங்களை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

லாபியில் உங்கள் கையில் தருகிற காகிதத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறதல்லவா, அது ஓட்டுப்பெட்டி அன்று. மைன்கிராஃப்டில் மரமும் கல்லும் போட்டு வைக்கிற அதே சாதாரணப் பெட்டிதான். வரிசைக்கு 9 கட்டம், அதிகபட்சம் 6 வரிசை, ஆக 54 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மேப்புக்கு அடையாளமாக ஒரு பொருளை வைக்கிறோம். நீங்கள் சொடுக்குவதை நிரல் ஒவ்வொரு முறையும் இடைமறித்து ரத்து செய்யாவிட்டால், பனிக்கோட்டையின் அடையாளமாக வைத்த பனிக்கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள். எத்தனை ஓட்டு விழுந்தது என்று காட்டுவதற்குப் பலரும் அந்தப் பொருளின் அடுக்கு எண்ணையே பயன்படுத்துவார்கள். ஐந்து ஓட்டு என்றால் ஐந்து பனிக்கட்டி. அழகாக இருக்கும். ஆனால் ஒன்று என்றால் மேலே எண்ணே தெரியாது, பூஜ்யம் என்று வைத்தால் பொருளே காற்றாகிக் கட்டம் காலியாகிவிடும். யாரும் தொடாத மேப், அந்தக் காரணத்தாலேயே யார் கண்ணிலும் படாமல் போகும். அப்படி ஆகக்கூடாது என்று எண்ணிக்கையைப் பொருளின் விளக்க வரியில் தனியாக எழுதினேன்.

ஓட்டை ஆட்டக்காரரின் பெயரில் பதியக்கூடாது. 2015 முதல் பெயரை மாற்றிக்கொள்ளலாம். கணக்கோடு ஒட்டிவருகிற மாறாத அடையாள எண் ஒன்று இருக்கிறது, அதில்தான் பதியவேண்டும். மனம் மாறி வேறு மேப்பைத் தொட்டால் பழைய ஓட்டு அழியவேண்டும், புதியதோடு சேர்ந்து இரண்டாகக் கூடாது. ஓட்டைப் போட்டுவிட்டு வெளியேறினால் அந்த ஓட்டும் கூடவே போகவேண்டும். இல்லாவிட்டால் நண்பர்களை அழைத்து வந்து குத்தவிட்டு அனுப்பிவிடலாம். இரண்டு மேப் சமமாக வந்தால்? பட்டியலில் முதலில் இருப்பதை எடு என்று சோம்பலாக எழுதினால் அகர வரிசையில் முன்னால் இருக்கும் மேப்புக்கு ஆயுள் முழுக்க அதிர்ஷ்டம். அதனால் சமமானவற்றுக்குள் குலுக்கல். முதல் கட்டத்தில் இருப்பதையே கை தானாகத் தொடும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் கலைத்து வைப்பது.

இவை போகட்டும், நேரம் என்று ஒன்று இருக்கிறது. இந்த ஆட்டத்தின் நாடி விநாடிக்கு 20 துடிப்பு. மூல மேப்பின் நகலை எடுத்து ஒரு புதிய உலகமாக ஏற்றும்போது துடிப்பு தடைபட்டால் லாபியில் எல்லோரும் கல்லாய் நின்றுவிடுவார்கள். ஆகவே ஆட்டம் தொடங்க மிச்சமிருக்கும் விநாடிகள் எண்ணி முடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஓட்டை மூடிவிட்டு, மிச்ச விநாடிகளில் உலகத்தை ஏற்றவேண்டும். "என் ஓட்டு ஏன் ஏற்கவில்லை, இன்னும் 8 விநாடி இருந்ததே" என்று என்னைத் திட்டியவர்களுக்கு இதே பதிலைச் சலிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் தெரியுமா? பெயர் மாற்றி இரண்டாவது ஓட்டு போடுகிறவனைத் தடுக்கிறோம். வெளியே போய் உள்ளே வந்து இரண்டாவது ஓட்டு போடுகிறவனைத் தடுக்கிறோம். வேகமாகச் சொடுக்கி இரண்டாவது ஓட்டு வாங்கப் பார்க்கிறவனைத் தடுக்கிறோம். அத்தனை வாசலையும் அடைத்த பிறகு, நிர்வாகமே முன்வாசலில் உட்கார்ந்து கூடுதலாக இரண்டு ஓட்டை விலைக்கு விற்கிறது. திருட்டு ஓட்டு என்றால் தடை. காசு கொடுத்து வாங்கினால் சலுகை.

ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

படித்தவர் ஒருவர் வந்தார். எந்த ஓட்டு முறையும் குறையற்றது இல்லை என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-லேயே நிறுவிவிட்டார், ஆகவே எல்லா முறையும் ஒன்றுதான் என்றார். ஐயா, ஆரோவை நானும் படித்திருக்கிறேன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருந்து, மக்கள் அவற்றை விருப்ப வரிசைப்படுத்தும்போது, நியாயமான சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் முறை இல்லை என்பதுதான் அவர் காட்டியது. அந்த நிபந்தனைகளில் ஒன்று என்ன தெரியுமா? ஒரே ஆளின் விருப்பம் எல்லோர் மேலும் செல்லும்படி இருக்கக்கூடாது என்பது. சர்வாதிகாரி கூடாது என்று சொன்னவரைக் கொண்டுவந்து ரேங்க் வியாபாரத்துக்குச் சாட்சி சொல்ல வைக்கிறீர்கள்.

உண்மையில் என் முறையில் குறை இருக்கிறது, அதை நானே எல்லோருக்கும் முதலில் சொன்னேன். பனி மேப் மூன்று, பாலைவன மேப் ஒன்று என்று பட்டியலில் வந்தால், பனி பிடித்தவர்களின் ஓட்டு மூன்றாகச் சிதறிப் பாலைவனம் ஜெயித்துவிடும். அதற்கு மருந்தும் இருக்கிறது. பிடித்த எத்தனை மேப்பை வேண்டுமானாலும் தொடலாம், அதிகம் பேருக்குச் சம்மதமானது ஜெயிக்கும். பிராம்ஸ், ஃபிஷ்பர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் ஆராய்ந்து எழுதிய முறை. அடுத்த பதிப்பில் அதைத்தான் கொண்டுவர இருந்தேன். பாதி எழுதியும்விட்டேன். இப்போது அந்தக் கோப்பைத் திறக்க மனம் வரவில்லை.

இன்னொருவர், "பேசாமல் ஓட்டையே எடுத்துவிட்டுக் குலுக்கல் போடு, நம் ஊர்க் குடவோலை மாதிரி" என்றார். போடலாம். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதாகப் படியுங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்ச்சபைக் குழுவில், இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் போடக்கூடாது. முதலாவதை நான் மேப்புகளுக்கு வைத்திருந்தேன். இப்போதுதான் ஆடிய மேப் அடுத்த சில சுற்றுகளுக்குப் பட்டியலில் வராது. அது இல்லாவிட்டால் கவுண்டர்-ஸ்டிரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் டஸ்ட்2 மேப்பை மட்டுமே 24 மணி நேரமும் ஓட்டிய சர்வர்களின் கதைதான். அந்த விதியையும் பனிக்கோட்டைக்கு மட்டும் தளர்த்தியிருக்கிறார்கள் என்று நேற்றுதான் பார்த்தேன். கணக்குக் காட்டாதவர்கள் பற்றிய இரண்டாவது விதியை நம் நிர்வாகத்துக்கு வைத்தால் குடத்தில் எத்தனை ஓலை மிஞ்சும் என்று நான் கேட்கப்போவதில்லை.

சர்வர் வாடகை யார் கட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன், அதைத்தான் பெரிய ஆயுதமாக வீசுகிறீர்கள். வாடகை கட்டவேண்டும், மறுக்கவில்லை. தொப்பி விற்றுக்கொள்ளுங்கள். பின்னால் ஓடிவரும் செல்லப்பிராணி, வண்ணப் பெயர், காலடியில் பறக்கும் பொறி, எல்லாம் விற்றுக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் ஒருவருக்கு மேல்கை தரும் எதையும் காசுக்கு விற்காதீர்கள் என்று மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் 2014-லேயே சர்வர் நடத்துபவர்களுக்கு எழுத்திலேயே சொல்லிவிட்டது. மேப் ஓட்டு அதில் சேருமா என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசட்டும். பனிக்கோட்டையின் ஒவ்வொரு மூலையும் மனப்பாடமான நான்கு பேர் பனிக்கோட்டையைக் காசு கொடுத்து வரவழைப்பது மேல்கை இல்லையென்றால் வேறு எது மேல்கை என்று எனக்குப் புரியவில்லை. தொப்பி விற்று வாடகை தேறாது என்பீர்கள். முதலில் விற்றுப் பாருங்கள்.

"விளையாட்டுதானே" என்பவர்களுக்குத்தான் எனக்குப் பதில் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. விளையாட்டுதான். விளையாட்டில்கூட ஒன்று ஒன்றாக இருக்கக்கூடாதா? வெளியே எத்தனையோ இடத்தில் நம் ஒன்று அரையாகவும் காலாகவும் எண்ணப்படுகிறது. இங்கேயாவது, கட்டம் கட்டமான ஒரு பொய்யுலகத்தில், எட்டாம் வகுப்புப் பையனும் நாற்பது வயது ஆளும் சமமாக நிற்கிறார்கள் என்ற ஒரு சின்ன நிம்மதிக்காகத்தான் இரவெல்லாம் விழித்து இதை எழுதினேன்.

எட்டாம் வகுப்புப் பையன் என்று சும்மா சொல்லவில்லை. கோயில்தீவைக் கட்டியவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். கோபுரத்தின் மேல் அடுக்குகள் அவன் கை. மணற்கல்லின் எந்த வகை வெயிலில் சரியாகத் தெரியும் என்று என்னோடு சண்டை போட்டவன். பக்கத்துத் தீவுக்குப் பாலம் போடத் தேவையான கட்டைகள் எல்லாத் திசையிலும் சமமாக இருக்கின்றனவா என்று நோட்டில் எழுதி எண்ணிப் பார்த்தவன். சனிக்கிழமை தன் மேப் வரப்போகிறது என்று வகுப்பு நண்பர்களையெல்லாம் கூட்டி வந்திருந்தான். அந்த ஒன்பது பேரில் பாதிப் பேர் அவர்கள்தான். முடிவு வந்ததும் அவன் அழவில்லை, கத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்து, "மாமா, அந்த ரேங்க் எவ்வளவு? பொங்கல் காசு இருக்கிறது, வாங்கிவிடலாமா?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் என்ன சொல்லவேண்டும்? நிர்வாகத்தார் யாராவது வந்து சொல்லிக்கொடுங்கள். வாங்கு என்றா? வாங்கினால் அவனுக்கு மூன்று, அவன் நண்பர்களுக்கு ஒன்று. பிறகு அவர்களும் வாங்கவேண்டும். எல்லோரும் வாங்கிவிட்டால் எல்லோருக்கும் மூன்று, அதாவது எல்லோருக்கும் மீண்டும் ஒன்று, இடையில் கைமாறிய காசு மட்டும் திரும்பாது. அதுதான் திட்டம் என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள்.

"நீ காசா போட்டாய், நிரல்தானே எழுதினாய்" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். அவரோடு சேர்ந்து எத்தனை சனிக்கிழமை ஆடியிருக்கிறேன். சர்வர் முதன்முதலில் முடங்கியபோது, விடியற்காலையில் என்னைத்தான் எழுப்பினார். அப்போது "நிரல்தானே" இல்லை, அப்போது "தம்பி, நீ இல்லாவிட்டால் ஆகாது" என்றார். சம்பளம் கேட்டேனா, ரேங்க் கேட்டேனா? என்னிடம் இன்றுவரை ரேங்க் கிடையாது. சனிக்கிழமை அந்த லாபியில் நானும் நின்றேன். கோயில்தீவுக்கு விழுந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது.

அந்தப் பெருக்கல் வரியை எடுக்கச் சொல்லிக் குழுவில் எழுதியிருக்கிறேன். படித்ததற்கான நீலக்குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை. எடுக்காவிட்டால் பிளகினின் முதல் கோப்பில் எழுதியவர் என்ற இடத்தில் இருக்கும் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள், யார் அந்த வரியை எழுதினாரோ அவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். வரி மாறாத என் பழைய பதிப்பு வேண்டுமென்றால், வேறு எந்தச் சர்வர் நடத்துபவரும் தனிச்செய்தியில் கேளுங்கள். காசு வேண்டாம், அனுப்பி வைக்கிறேன்.