சிக்னல் போனால் பொறுப்பும் போய்விடாது

"250 கிராமுக்குக் குறைவான ரிமோட் மாதிரி விமானம் வெறும் விளையாட்டுப் பொருள், சிக்னல் துண்டித்து எங்கே விழுந்தாலும் இயக்கியவர் மீது வழக்குப் போட முடியாது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோருக்கு 250 கிராம் என்பது பதிவுக்கான வரம்பு மட்டுமே; வான்வெளிப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால், எடை எதுவானாலும், விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்து ஆணையின் 241ஆவது பிரிவு, கவனக்குறைவால் ஒரு விமானம் பிறர் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாக அமைய இடம்கொடுப்பதையே தடை செய்கிறது. சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு இவற்றிலிருந்து தனி.

சிக்னல் உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால், அதற்கு முன்பு என்ன முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டது என்ற கேள்வி நிச்சயம் எழும், அது நியாயமான கேள்வியும்கூட. விமானத்தில் இருந்து சிக்னலைப் பெறும் சில ரிசீவர்கள் சிக்னல் இழந்ததும் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொள்வதால், மோட்டார் நிற்குமாறு ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற முன்னமைப்பு) அமைக்கப்படாத விமானம் அதே வேகத்தில் பறந்துகொண்டே போகும்; புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, தரையில் டிரான்ஸ்மிட்டரை (கையில் வைத்து இயக்கும் ரிமோட்டை) அணைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

உங்கள் நாட்டு விதிகளை அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுங்கள்.