உற்பத்தி: மருமகன்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவர். முப்பது வருடம் போனாலும் அவர் விருந்தாளிதான். மாமி அவரோடு ‘நீங்கள்’ போட்டுத்தான் கதைப்பார். அந்த ‘நீங்கள்’ எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பது வாங்கினவருக்குத்தான் தெரியும்.

இடம் அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு விறாந்தை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இன்னும் நாலு நாள். அன்றைக்கு வருகிற சனத்துக்கு மாமியின் இஞ்சிக் குளிர்பானத்தைப் போத்தலில் விற்பதாகத் திட்டம். கிணற்றுக்கட்டில் 24 வெறும் பியர்ப் போத்தல்கள் வெயில் காய்கின்றன. மருமகன் ஆசிரியர். மடிக்கணினிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமி: தம்பி, லேபல் வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது?

மருமகன்: அதற்கு முதல் ஒரு விஷயம் மாமி. அந்தப் போத்தல்களை வீட்டுக்குப் பின்னால் வைக்க முடியாதா? காலையில் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் வேலிக்கு மேலால் எண்ணிக்கொண்டு போனார். உதடு அசைந்தது. இருபத்துநாலு வரைக்கும் அசைந்தது.

மாமி: எண்ணட்டுமே. அவர் கேட்டார், நான் சொல்லிவிட்டேன்.

மருமகன்: என்ன சொன்னீர்கள்?

மாமி: மருமகனுடைய போத்தல், கழுவிக் காயவைத்திருக்கிறேன் என்று.

மருமகன்: கல்யாண வீட்டில் பொறுக்கினது என்று சொல்லியிருக்கலாமே!

மாமி: நான் போத்தல் பொறுக்குகிற ஆளா தம்பி? எனக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

(அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் ஓர் இரவு ஊறினால் பழைய லேபல் பாம்புச் சட்டை மாதிரிக் கழன்று வரும். பசைதான் போகாது. தேங்காய் எண்ணெய் பூசித் தும்பால் உரஞ்ச வேண்டும். உரஞ்சினவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.)

மருமகன்: சரி, இதைப் பாருங்கள். மேலே பாடும் மீன். நடுவில் ‘இஞ்சிப் பானம்’.

மாமி: பானமா? அம்மன் கோயில் பானகம் மாதிரிக் கிடக்கிறது. எங்கள் அம்மா காலத்திலிருந்து இது ஜிஞ்சர் பியர். இஞ்சி பியர் என்று போடுங்கள்.

மருமகன்: மாமி, தீர்த்தத்துக்கு வருகிற சனம். ஈரவேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வருவார்கள். அவர்களுக்குப் பியர் விற்கிறோம் என்றால்?

மாமி: இஞ்சி என்று முன்னால் இருக்கிறதே. வாசிக்கத் தெரியாதா?

மருமகன்: தாகத்தில் வருகிறவன் முழுவதையும் வாசிக்க மாட்டான். மதுவரித் திணைக்களத்துக்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சக்கூடாது. 1912ஆம் ஆண்டுச் சட்டம்.

மாமி: நம்முடையது பியர் இல்லையே!

மருமகன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். பியர் இல்லாததற்கு ஏன் பியர் என்று பெயர்?

மாமி: கல்லடி வாவியில் பாடுவது மீனே இல்லை, ஊரி என்கிற நத்தைதான் என்கிறார்கள். அதற்காக ‘மீன் பாடும் தேன்நாடு’ என்கிற ஊரை ‘ஊரி பாடும் தேன்நாடு’ என்று மாற்றிவிட்டார்களா?

(மருமகன் இதற்கு இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.)

மாமி: அதுபோகட்டும். ஈஸ்ட் போடுகிறோமே, அது உள்ளே என்னதான் செய்கிறது?

மருமகன்: சீனியைத் தின்று வாயுவையும் மதுசாரத்தையும் விடுகிறது. வாயுதான் நுரை. மற்றது இரண்டு நாளில் மிகச் சொற்பம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் அந்த வேலை மந்தமாகிவிடும். வெளியிலே கிழமைக்கணக்கில் விட்டால் கூடும்.

மாமி: அப்போ கொஞ்சம் பியர்தான்.

மருமகன்: நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது.

மாமி: பியர் என்றே இருக்கட்டும். மறுகா, மீனை எடுத்துவிடுங்கள். இஞ்சிச் சாமானில் மீன் படம் போட்டால் மீன்குழம்பு ஆணம் என்று நினைப்பார்கள்.

மருமகன்: இது மட்டக்களப்பின் அடையாளம் மாமி. பறுவ நிலவு இரவில் தோணியில் போய், சவள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் கேட்கும் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்.

மாமி: நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

மருமகன்: இல்லை.

மாமி: எனக்கும் கேட்டதில்லை. காதில் தண்ணீர்தான் போனது. சரி, மீன் கிடக்கட்டும், வாயைச் சிரிக்கிற மாதிரிக் கீறுங்கள். அதென்ன மூலையில் சிவப்பு வட்டம்? வடிவாக இருக்கிறது. பொட்டா?

மருமகன்: சீனிக் குறியீடு. 2016இலிருந்து குளிர்பானங்களுக்குப் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2இலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. நீங்கள் 10 லீற்றர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ கொட்டுகிறீர்கள். கிட்டத்தட்ட 14 வருகிறது.

மாமி: பச்சை வடிவான நிறம். பச்சையைப் போடுங்கள்.

மருமகன்: நிறம் நாங்கள் தெரிவு செய்கிறதில்லை மாமி! 350 கிராம் குறைத்தால் செம்மஞ்சளுக்கு இறங்கலாம்.

மாமி: 350 கிராம் குறைத்தால் இஞ்சி தொண்டையில் கீறும். சீனியைக் குறைக்க ஏலாது. வட்டத்தைக் குறையுங்கள்.

மருமகன்: ஏற்கெனவே மிளகளவுதான் இருக்கிறது.

மாமி: கடுகளவாக்குங்கள்.

(பிறகு ‘பியர்’ என்ற சொல்லுக்கு வந்தார். மருமகன் ‘இஞ்சி’யை மஞ்சளில் பூசணிக்காய் அளவுக்கும் ‘பியர்’ரைக் கறுப்பில் எறும்பு அளவுக்கும் போட்டிருந்தார். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எறும்பைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் ஒரே அளவு என்று தீர்ப்பானது. மஞ்சள் மட்டும் தப்பியது.)

மாமி: கீழே வெறுமையாகக் கிடக்கிறதே.

மருமகன்: அங்கே உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் வர வேண்டும். தயாரித்த திகதி, காலாவதித் திகதியும். உங்கள் பெயரைப் போடட்டுமா?

மாமி: என் பெயரா? பொம்பிளை ஒருத்தி பியர் காய்ச்சுகிறாள் என்று ஊர் சொல்லவா? உங்கள் பெயரைப் போடுங்கள்.

மருமகன்: இப்போது மட்டும் அது பியராகிவிட்டதா?

மாமி: பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடுங்கள். படித்த ஆள் செய்தது என்றால் சனம் நம்பி வாங்கும்.

மருமகன்: நான் படிப்பிக்கிற பிள்ளைகள் தீர்த்தத்துக்கு வருவார்கள் மாமி.

மாமி: வரட்டும். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் என்றால் பத்து ரூபாய் குறைத்துக் கொடுப்போம்.

மருமகன்: சரி, அச்சடிப்பதையாவது வெளியில் கொடுப்போம். லேசர் பிரதி தண்ணீர் பட்டாலும் கரையாது.

மாமி: வீட்டில் பிரிண்டர் சும்மாதானே கிடக்கிறது?

மருமகன்: அது டியூஷன் வினாத்தாள் அடிக்கிற பிரிண்டர். கறுப்பு மட்டும் நல்ல மை. கலர் எல்லாம் மலிவு மை, ஈரம் பட்டால் ஓடிவிடும்.

மாமி: போத்தலுக்கு வெளியே ஏன் தண்ணீர் வருகிறது? உள்ளேதானே ஊற்றுகிறோம்.

(ஒரு ஏ4 தாளில் ஆறு லேபல், நாலு தாள். மாமி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிரிண்டர் வென்றது. ஒட்டுவதற்குப் பசையும் வாங்கவில்லை. பசுப்பாலைத் தூரிகையால் தாளின் பின்பக்கம் தடவி ஒட்டிக் காயவிட்டால் இறுகப் பிடிக்கும், வேண்டாத நாளில் வெந்நீரில் கழன்றுவிடும். மருமகன் சொன்னதில் மாமி உடனே ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான், அதுவும் தயிருக்கு உறைபோட்டு மிஞ்சின பால் என்பதால்.)

மூன்று நாள் கழித்து, மத்தியானம். முதல் போத்தல் லேபல் காய்ந்து, இரண்டு நாள் வெளியில் நின்று, கடைசி இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் இருந்தது. கூடவே நிரப்பின பிளாஸ்டிக் போத்தலை மருமகன் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. வாயு சரி. தக்கையைக் கட்டின நூலை அறுத்ததும் ‘டப்’ என்று விறாந்தைக் கூரையில் தக்கை பட்டது. மாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு மிடறு குடித்தார்.

மாமி: அம்மா கையாலே குடித்த மாதிரி இருக்கிறது. இந்த உறைப்புக்குத்தான் சீனி வேணும் என்றேன்.

மருமகன்: மாமி, லேபல்!

மேசையில் போத்தல் வியர்த்து வடிந்துகொண்டிருந்தது. முதலில் மீனின் சிரிப்பு போனது, அடுத்து மீனும் போனது. சிவப்புக் கடுகு ஒரு கோடாக இறங்கியது. ‘இஞ்சி’ மஞ்சள் தண்ணீராக மேசை விரிப்பில் சேர்ந்தது. பால் பிடித்த பிடியில் தாள் மட்டும் அசையவில்லை. அதில் நல்ல கறுப்பு மையில் இரண்டே வரி மிஞ்சியிருந்தது. மேலே ‘பியர்’. கீழே மருமகனுடைய பெயர், பட்டத்தோடு.

மாமி: பாருங்கள், வினாத்தாள் மை எவ்வளவு நல்ல மை!

மருமகன்: மாமி, படலையில் யாரோ…

மாமி: அட, வண்ணக்கர் ஐயா! வாருங்கள், வாருங்கள். இந்த வெயிலில் நடந்தா வந்தீர்கள்? இருங்கள், குளிர்ச்சியாக ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போகலாம்.

மருமகன்: (மெதுவாக) போத்தலைத் திருப்பி வையுங்கள் மாமி. திருப்பி வையுங்கள்!

மாமி: எல்லாம் மருமகனுடைய கைவேலைதான் ஐயா. வடிவாக வாசித்துப் பாருங்கள். படித்த பிள்ளை, ஒன்றையும் மறைக்கத் தெரியாது.