பான்ட்சுமாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

இரண்டு நாளாக அந்த கிளிப்தான் எங்கே பார்த்தாலும். ஒரு பழைய ஜப்பானிய மௌனப் படத்தில் பான்ட்சுமா என்ற நடிகர் வருகிற துண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழியை உருட்டுகிறானாம், குரங்கு மாதிரி தாவுகிறானாம். வரிசையாகச் சிரிப்பு இமோஜி. அதையெல்லாம் விட்டுவிடலாம். சினிமா பற்றி நன்றாக எழுதுகிற, நான் மதிக்கிற ஒருவரே அதைப் பகிர்ந்து "நல்லவேளை மிஃபுனே வந்தார்" என்று, பின்னாளில் சாமுராய் வேடங்களில் உலகப் புகழ் பெற்ற நடிகரைச் சொல்லி எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மனிதர் தாவவில்லை. மௌனப் படங்களை விநாடிக்கு 16, 18 ஃபிரேம் கணக்கில் எடுத்தார்கள். அதைப் பேசும்படத்துக்கான 24-இல் ஓட்டினால் யார் நடந்தாலும் கோமாளியாகத்தான் தெரிவார்கள். குறை நடிகரிடம் இல்லை, கிளிப்பை ஏற்றியவரிடம்.

அவர் பெயர் பாண்டோ சுமாசபுரோ. ஜப்பானியர்களுக்கு பான்ட்சுமா. அவருக்கு முன்னால் சாமுராய் படம் என்றால் நடிகர் ஓனோயே மாட்சுனோசுகே. கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடக மேடையை அப்படியே கேமரா முன் தூக்கி வைத்த மாதிரி. நாயகன் ஒரு போஸ் கொடுப்பார், எதிரிகள் விழுவார்கள். பான்ட்சுமா வந்த பிறகுதான் சாமுராய்க்கு மூச்சு வாங்கியது, வேர்த்தது, பயம் வந்தது. சொந்தக் கம்பெனி தொடங்கி 1925-இல் 'ஒரோச்சி' எடுத்தபோது அவருக்கு வயது 23. முதலில் வைத்த தலைப்பைத் தணிக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ளாததால் மாற்றிய பெயர் அது. கெட்டவன் என்று ஊர் சொல்கிறவன் எல்லாம் கெட்டவன் இல்லை என்றுதான் படமே தொடங்குகிறது.

நான் 'ஒரோச்சி'யை ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தபோது, லைட்டை அணை என்று சொல்ல வந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசிச் சண்டை அது. நாலா பக்கமும் கயிறும் ஏணியுமாக வந்து வளைக்கிறார்கள். தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது, நிற்கக்கூடத் தெம்பில்லை, கை மட்டும் வாளை விட மறுக்கிறது. கட்டி இழுத்துப் போகும்போது ஊரே ஏசுகிறது. அவன் காப்பாற்றிய இருவர் மட்டும் கும்பிடுகிறார்கள். "அந்தப் பையன் அப்படி என்னடா தப்பு பண்ணான்?" என்று கேட்டார் அம்மா. ஜப்பான் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குப் புரிந்தது உங்களுக்கு ஏன் புரியவில்லை?

"மிஃபுனேயை மட்டம் தட்டுகிறாயா" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அவர் நடித்த 'ரிக்‌ஷாக்காரன்' 1958-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது, சந்தோஷம். ஆனால் அதை இயக்கிய அதே இனாகாகி அதே கதையை 1943-லேயே பான்ட்சுமாவை வைத்து எடுத்திருந்தார். ஒரு ராணுவ அதிகாரியின் விதவையிடம் ரிக்‌ஷா இழுப்பவன் மனம் திறக்கும் காட்சியைப் போர்க்கால அரசு வெட்டியது. போர் முடிந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தன் பங்குக்கு வேறு காட்சிகளை வெட்டியது. இரண்டு கத்தரிக்கும் தப்பிப் பிழைத்ததைப் பார்த்தாலே போதும், அவர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று தெரியும்.

பேசும்படம் வந்தபோது குரல் எடுபடவில்லையே என்றால், ஆமாம், தடுமாறினார். அப்புறம் எழுந்து வந்தார். 1948-இல் 'ஓஷோ' படத்தில் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரராக நடித்தார், வாளே இல்லாமல். 1953-இல் 51 வயதில் போய்விட்டார்.

போனவர் திரும்பி வந்து பதில் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அந்தக் காலத்து ஜப்பானிய மௌனப் படங்களில் பெரும்பகுதி அழிந்தேவிட்டது. நிலநடுக்கம், போர், தானாகவே மக்கிப் போகிற ஃபிலிம். பென்ஷி, அதாவது மௌனப் படம் ஓடும்போது கூடவே கதை சொல்கிறவர், மாட்சுதா ஷுன்சுய் போன்றவர்கள் பிரின்ட் பிரின்ட்டாகத் தேடிச் சேர்த்ததால்தான் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது. அப்படி மிஞ்சியதில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, வேகத்தைக் கெடுத்து, பாட்டுப் போட்டுச் சிரிக்கிறோம்.

பதிவை நீக்கச் சொல்லவில்லை. மாட்சுதாவின் குரலோடு முழுப் படத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு அதே பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள். நேரமில்லை என்றால், சரி, தயவுசெய்து அவரைப் பற்றி எழுதாதீர்கள்.