எடிட்டரில் தமிழைத் தேடினால் தமிழ் கிடைக்க வேண்டும்

நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் செயலி எழுதும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்ப் பக்கத்தில் பிழை என்று பயனர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். அதில் வரும் ‘தொகை’ என்ற சொல்லை எடிட்டரில், அதாவது நிரல் எழுதும் மென்பொருளில், தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. கோப்பைத் திறந்தால் சொல் அங்கேயே இருக்கிறது!

கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ொ’ ஒரே குறியெண்ணாக இருக்கலாம்; ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். ‘ோ’, ‘ௌ’ குறிகளும் அப்படித்தான். இரண்டு வடிவமும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடும் கருவி குறியெண்களை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு சொற்கள். மொழிபெயர்ப்பு பல கைகள், பல விசைப்பலகைகள் வழியாக வருவதால் ஒரே கோப்பில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்கூடச் சந்தேகம் வரும். பாதி கிடைத்தால்தான் ஆபத்து. ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்திவிட்டு வேலை முடிந்ததென்று நம்பிவிடுவோம். திருத்தப்படாத பாதியைப் பலதுறை மருந்தகத்தில் நிற்கும் ஒரு பாட்டி படிப்பார்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடும் வசதியை எல்லா எடிட்டரும் தருகிறது. பார்வைக்கே வேறான எழுத்துகளுக்கு அந்தச் சலுகை உண்டென்றால், பார்வைக்கு ஒன்றான தமிழ் எழுத்துக்கு ஏன் இல்லை?

இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடினால் வேகம் குறையும் என்பார்கள். கோப்புகளைத் தொடவே வேண்டாம். தேடுசொல்லில் ‘ொ’ வந்தால் ‘இதுவோ அதுவோ’ என்று ரெகெக்ஸில் (தேடல் வடிவத்தைச் சொல்லும் குறிமுறையில்) விரித்துக் கொடுத்தால் போதும். விஎஸ் கோட் எடிட்டர் பயன்படுத்தும் ரிப்கிரெப் போன்ற தேடல் கருவிகளுக்கு அது சுமையே இல்லை.

அடுத்து, நிரல் பகுப்பாய்வு. நிரல்மொழிகளை எடிட்டருக்குப் புரியவைக்க 2016இல் வந்த எல்எஸ்பி நெறிமுறையின் புண்ணியத்தில் ஒரு ஃபங்ஷன் (நிரலின் செயற்கூறு) எங்கெங்கே அழைக்கப்படுகிறது என்று நொடியில் பார்க்கிறோம். ஒரு தமிழ் வாக்கியம் எந்தத் திரையில் வருகிறது என்பதையும் அப்படியே காட்ட வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து கீ (வாக்கியத்தை நிரல் அழைக்கும் அடையாளப் பெயர்), கீயிலிருந்து நிரல்: இந்தச் சங்கிலியை இன்று பலர் கையால்தான் தொடர்கிறார்கள். கீயை நிரலே துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கும் இடங்களில் எடிட்டர் எச்சரித்தாலே பாதி வேலை குறையும். கலப்பு வடிவங்களை, பிழைகளைச் சுட்டும் லின்டர் என்ற கருவி கோடிட்டுக் காட்டலாம். அது ஒரு மாலை நேர வேலை.

திறந்தமூல எடிட்டர்களுக்குப் பங்களிக்கும் நண்பர்களே, இதை எடுத்துச் செய்யுங்கள். இரண்டு வடிவங்களிலும் தமிழ்ச் சொற்கள் கொண்ட சோதனைக் கோப்பை நான் தயாரித்துத் தருகிறேன்.